கடைசி பஸ் போயிடுச்சா?

நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிறவன் நான். பிள்ளைகள் சேர்ந்து ஓர் இணையதளம் செய்த கதையை இன்று சொல்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பு 'கணினிப் பயன்பாடுகள்' புத்தகத்திலேயே இணையப் பக்கம் எழுதுகிற எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் இருக்கின்றன. பரீட்சையில் எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். ஒரு வருஷம் ஐந்தைந்து பேராகப் பிரித்து, "எழுதினதை ஓடவிட்டுக் காட்டுங்க" என்றேன். எல்லா அணியும் ஒரே தலைப்போடு வந்து நின்றன: ஊட்டி சுற்றுலா. மலை ரயில் உதகைக்கு வந்தது 1908, குகைகள் 16, வளைவுகள் 208, யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005. தகவலில் தப்பில்லை. எல்லாம் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது.

"இதை யாருப்பா படிக்கப் போறாங்க?"

"டூரிஸ்ட் சார்."

"உங்க வீட்டுல யாராச்சும்?"

சத்தமில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மாவுக்கு ஒண்ணுதான் சார் தெரியணும். கடைசி பஸ் போயிடுச்சா இல்லையான்னு."

வகுப்பே சிரித்தது. அவள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறவர். டவுனுக்கு வந்து கடைசி வண்டியை விட்டால் ஜீப்புக்குத்தான் கொடுக்க வேண்டும். அன்றைய கூலியில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் இந்த வலை (வேர்ல்டு வைட் வெப்) யோசனையை எழுதிக் கொடுத்தது ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில். பெரிய பெரிய இயற்பியல் நடக்கிற இடம். அங்கே ஆரம்ப நாட்களில் ஆட்களை வலைப் பக்கம் இழுத்தது எது தெரியுமா? ஆய்வுக்கூடத்தின் டெலிபோன் டைரக்டரி. அவர்களுக்கு போன் நம்பர், எங்களுக்கு பஸ் டைம். அதையே தளமாக்குவது என்று முடிவு செய்தோம்.

வேலையைப் பங்கு போட்டதில் முதல் தப்பு என்னுடையது. கோடிங் தெரிந்த பையனிடம் கோடிங், கையெழுத்து நன்றாக இருக்கிற பெண்ணிடம் தகவல் சேகரிப்பு என்று விட்டேன். அவன் கீபோர்டை ஒருத்தரையும் தொடவிடவில்லை. இரண்டாம் வாரம் மாற்றிப் போட்டேன். அவன் நோட்டோடு பஸ் ஸ்டாண்டுக்கு, அவள் கணினிக்கு. மூன்று நாள் ஒன்றும் நகரவில்லை. நான்காம் நாள் அவன் திரும்பி வந்து, "சார், ஒரே ஸ்டாப்புக்கு மூணு பேர் இருக்கு" என்றான். ஊருக்குள் படகர் சமூகப் பெரியவர் ஊர்ப் பேரை 'ஹட்டி' என்று முடிப்பதை கண்டக்டர் 'அட்டி' என்கிறார். எஸ்டேட் ஆட்கள் இரண்டையும் விட்டுவிட்டு எஸ்டேட் பேரையே சொல்கிறார்கள். எப்படித் தட்டினாலும் அந்த ஊர் வர வேண்டும் என்று அவனே எழுதி வைத்தான். லேபிலேயே உட்கார்ந்திருந்தால் இது அவனுக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு தகராறு நேரத்தைப் பற்றி. போர்டில் 5.30 என்று இருக்கும். டிரைவர் டீ குடித்து முடித்து வண்டி கிளம்ப 5.40. எதைப் போடுவது? அரை நாள் சண்டை. கடைசியில் இரண்டையும் போட்டார்கள்: 'போர்டு நேரம்', 'வழக்கமாகக் கிளம்புவது'. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம் தமிழ் படுத்திய பாடு. ஒரு பையன் டி.டி.பி. கடையில் அடித்து வாங்கி வந்த ஊர்ப் பட்டியல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. பக்கத்தில் ஏற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொது எண் தருகிற யூனிகோடில் திரும்ப அடித்தார்கள். அடித்து முடித்து அகர வரிசையில் அடுக்கச் சொன்னால், கணினி கடநாட்டை முன்னே வைத்துக் கட்டபெட்டைப் பின்னே தள்ளியது. நம் அகராதியில் மெய்யெழுத்து முன்னால் வரும். 'ட்' வந்த பிறகுதான் 'ட'. யூனிகோடிலோ புள்ளிக்குத் தனி எண், அதுவும் 'ந'வின் எண்ணைவிடப் பெரியது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் இப்படித்தான் ஆகும். தமிழ் வரிசையில் அடுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். தமிழய்யாவைக் கணினி லேபுக்கு வரவழைத்த முதல் சந்தர்ப்பம் அது.

முகப்பில் ஒரு தேயிலைத் தோட்டப் படம் போட்டிருந்தார்கள். போனில் எடுத்தது, 5 எம்.பி. பள்ளியில் சட்டென்று வந்தது. கடைசி பஸ்ஸைக் கேட்ட அந்தப் பெண் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்திருக்கிறாள். அவர்கள் லைன் வீட்டில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால் ஒரு கோடு வரும். அம்மாவும் மகளும் தொட்டியடியில் குளிரில் நிற்க, படம் மேலிருந்து ஒரு விரல் அளவு இறங்கி அப்படியே நின்றுவிட்டதாம். மறுநாள் போர்டில் கணக்குப் போட்டோம். ஒரு பைட்டுக்கு 8 பிட், 5 எம்.பி. என்றால் ஏறக்குறைய 4 கோடி பிட். வினாடிக்கு ஒரு லட்சம் பிட் வருகிற இடத்தில் 400 வினாடி, ஆறரை நிமிஷத்துக்கும் மேல். "அதுக்குள்ள பஸ்ஸே போயிடும் சார்!" படத்தை எடுத்தார்கள். யூனிகோடைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் பிடிக்கும். அப்படியும் எல்லா வண்டிகளின் நேரமும் சேர்ந்து 20 கே.பி.க்குள் அடங்கியது. இரண்டு வினாடி. பார்க்க அழகாக இருக்காதுதான்.

தளம் ஓடியது. பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துப் போனார்கள். அடுத்த ஜூலையில் நேரத்தை மாற்றப் போனால் கடவுச்சொல் இல்லை. அது கோவையில் கல்லூரி சேர்ந்துவிட்ட ஒருவனுடைய சொந்த மெயிலில் இருந்தது. அவன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான். நாங்கள் மட்டுமல்ல. உலகமெங்கும் மாணவர்கள் அணி அணியாகச் சேர்ந்து தளம் கட்டிய திங்க்குவெஸ்ட் போட்டி 1996இல் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் 2013இல் மூடியபோது, பிள்ளைகள் செய்த ஆயிரக்கணக்கான தளங்களும் கூடவே மறைந்தன. கட்டுகிறபோது இருக்கிற கூட்டம் பராமரிக்கும்போது இருப்பதில்லை.

இப்போது பள்ளிப் பெயரில் ஒரு மெயில் வைத்திருக்கிறோம். கடவுச்சொல் ஒரு நீல அட்டை நோட்டில், லேப் பீரோவுக்குள். ஒவ்வொரு ஜூனிலும் பழைய அணி புது அணிக்கு அதைக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறது. பாதுகாப்பு நிபுணர்கள் கேட்டால் திட்டுவார்கள், பரவாயில்லை.

போன வாரம் ஒரு கண்டக்டர் எங்கள் பையன்களைப் படிக்கட்டிலேயே நிறுத்தி, "டேய், ஏழு பத்து வண்டி இப்ப ஏழு இருபத்தஞ்சு. மாத்துங்கடா" என்றாராம். அன்று முதல் பீரியடிலேயே மாற்றிவிட்டார்கள்.

வணக்கம்.