கையும் கையும் சேர்ந்துபோன ரவிக்கை: திருமங்கலம் தங்கைக்குப் பதில்

வணக்கம். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் பூ வேலை செய்வதைப் பற்றிப் போன வீடியோவில் பேசினேன், அதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திருமங்கலத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: சிங்கிள் ஹெட் என்றால் ஒரு நேரத்தில் ஒரு துணியில் மட்டும் தைக்கிற மெஷின், ஹூப் என்றால் துணியை இழுத்துப் பிடிக்கிற சட்டம்.

"அக்கா, சிங்கிள் ஹெட் மெஷின் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. கல்யாண ரவிக்கைக்குக் கையில் டிசைன் போட்டேன். முடித்துவிட்டு ஹூப்பைக் கழற்றினால், வெட்டி வைத்திருந்த இன்னொரு கைத்துணியும் அடியில் சேர்ந்து தைத்திருக்கிறது. என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து மாய்ந்துபோனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு இப்படியெல்லாம் நடந்திருக்கிறதா? பிரிக்க முடியுமா? கஸ்டமரிடம் என்ன சொல்வது?"

நடந்திருக்கிறதாவா? தங்கச்சி, நீங்கள் துணியோடு துணியைத்தான் தைத்தீர்கள். நான் என்னையே மெஷினோடு தைத்திருக்கிறேன்.

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் முதல் மெஷின் போட்டோம். ஒரு நாள் சுங்குடிச் சேலை கட்டியிருந்தேன். ஹூப்பை மாட்டும்போது முந்தானை மேசைமேல் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. டிரேஸ் பட்டனை அழுத்திப் பார்த்தேன், ஊசி எங்கேயும் ஹூப்பில் இடிக்கவில்லை. சரி என்று ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மயில், கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், எழுந்திருக்கிறேன், வர மாட்டேன் என்கிறது. யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. வந்தவர் அந்த மயிலுக்கே சொந்தக்காரர். "உள்ளே வாங்க, நான் எழுந்திருக்க முடியாது" என்றேன். உடம்புக்கு என்ன என்று பதறிப்போனார்.

டிரேஸ் என்ன செய்யும் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். டிசைனின் எல்லையைத் தைக்காமல் சுற்றிக் காட்டும். துணிக்குள் இடம் போதுமா, ஊசி ஹூப்பில் மோதுமா, இதை மட்டும்தான் அது சொல்லும். அடியில் என்ன கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் அன்றையிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன்னால் ஹூப்புக்கு அடியில் கையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பேன். மெஷின் நின்றுகொண்டிருக்கும்போது மட்டும், ஓடும்போது வேண்டவே வேண்டாம். பத்து விநாடி வேலை. மிச்சத் துணியைச் சுருட்டி கிளிப் போட்டுவிடுங்கள். வெட்டிய கைத்துணிகளை மெஷின் மேசைமேல் அடுக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். முடிந்தால் வெட்டாத துணியிலேயே அளவு வரைந்து பூ வேலையை முடித்துவிட்டு, அப்புறம் வெட்டுங்கள். ஹூப்பில் இழுத்துக் கட்ட வசதியாகவும் இருக்கும்.

அடுத்தது நிறம். இந்தக் கதையைச் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் இருக்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மதுரைக்காரிகளுக்குக் கிளி என்றால் தனிப் பிரியம், மீனாட்சி கையில் இருக்கிற கிளி அல்லவா. ஒரு கல்யாணப் பெண், முதுகில் ஜோடிக் கிளி கேட்டார். டிசைனை டிஎஸ்டி ஃபைலாக, அதாவது மெஷின் படிக்கிற தையல் ஃபைலாக வாங்கினேன். கம்ப்யூட்டரில் பச்சைக் கிளி, சிவந்த மூக்கு, அழகாகத் தெரிந்தது. மெஷினில் போட்டு ஓடவிட்டேன். வந்தது சிவப்புக் கிளி, பச்சை மூக்கு.

ஏன் என்றால், டிஎஸ்டி ஃபைலுக்குள் நிறமே கிடையாது. ஊசி எங்கே போக வேண்டும், எங்கே தாவ வேண்டும், எங்கே நூல் மாற்ற வேண்டும், இவ்வளவுதான் இருக்கும். "இங்கே நிறம் மாற்று" என்று சொல்லும், என்ன நிறம் என்று சொல்லாது. திரையில் நாம் பார்க்கிற நிறம் சாஃப்ட்வேர் தானாகப் போட்டுக்கொள்வது. இந்த மெஷினில் பல ஊசிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கோத்திருக்கும். எந்த வரிசைக்கு எந்த ஊசி என்று நாம்தான் மெஷினில் சொல்ல வேண்டும். நான் மூன்றாம் ஊசிக்கும் ஏழாம் ஊசிக்கும் நூலை மாற்றிக் கோத்துவிட்டு, ஊசி எண்ணை மட்டும் பழையபடியே விட்டிருந்தேன். அந்தப் பெண்ணின் பாட்டி ரவிக்கையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மிளகாய்ப்பழம் தின்று தின்று உடம்பெல்லாம் சிவந்துபோன கிளி போல" என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். ஆனால் ரவிக்கை கரும்பச்சை. பச்சைக் கிளி போட்டிருந்தால் தூரத்தில் தெரிந்தே இருக்காது. பெண் அதையே போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் இப்படித் தப்பிக்க முடியாது. இப்போது ஒரு சீட்டில் வரிசை எண், நிறம், ஊசி எண் எழுதி மெஷினில் ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது தாய்மாமன் கதை.

நம் பக்கம் காதணி விழா என்றால் மாமன் சீர் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். மாமன்மார் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஒரே நிறச் சட்டை, பாக்கெட்டுக்கு மேலே "தாய்மாமன்" என்று தங்க நிறத்தில் போட வேண்டும். எழுத்தைப் பெரிதாக வடிவமைத்து வைத்திருந்தோம். பாக்கெட்டுக்கு அது பெரிதாக இருந்ததால் அப்படியே சுருக்கிப் போட்டேன். ராத்திரியோடு ராத்திரியாக எட்டுச் சட்டையும் முடித்துக் கொடுத்தாயிற்று. மறுநாள் மூத்த மாமன் வந்து நிற்கிறார். "ஏம்மா, தாயமாமன என்று போட்டிருக்கிறது. நான் என்ன தாயக்கட்டை உருட்டவா போகிறேன்?"

பார்த்தால், எட்டுச் சட்டையிலும் புள்ளியே இல்லை. ய் மேலேயும் இல்லை, ன் மேலேயும் இல்லை. கூட வந்த பெரியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் போலிருக்கிறது. "ஓலைச்சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று வைக்காமல் விடுவார்கள். சட்டையும் கிழிந்துவிடும் என்று பயந்தீர்களாக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பதா, மண்ணுக்குள் போவதா என்று தெரியவில்லை.

இந்தப் புள்ளி விஷயம் தமிழ் எழுத்துப் போடுகிற எல்லாருக்கும் வரும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எழுத்தைச் சுருக்கும்போது புள்ளியும் சுருங்குகிறது. மிகச் சின்னத் தையல்களைச் சாஃப்ட்வேர் தேவையில்லாதவை என்று தானாகவே நீக்கிவிடும், அப்படி ஒரு அமைப்பு பெரும்பாலான சாஃப்ட்வேரில் இருக்கிறது. நீக்காமல் விட்டாலும் புள்ளி என்பது தனித் தீவு. அங்கே தாவிப் போய், முடிச்சுப் போட்டு, நாலு குத்துக் குத்தி, வெட்டிவிட்டு வர வேண்டும். குத்து போதாவிட்டால் நூல் உருவிக்கொண்டு வந்துவிடும். சுருக்குவதில் இன்னொரு வம்பும் உண்டு. டிஎஸ்டி மாதிரித் தையல் ஃபைலைச் சுருக்கினால் தையல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குறையாது, எல்லாம் நெருங்கிக்கொள்ளும். எழுத்து கட்டையாகி, துணி சுருங்கி, நூலும் அறுபடும்.

ஆகவே சின்ன எழுத்து வேண்டுமென்றால் அந்த அளவுக்கே புதிதாக வடிவமைக்கச் சொல்லுங்கள். புள்ளியை எழுத்துக்குப் பொருத்தமான அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைக்கச் சொல்லுங்கள். 40 எண் நூலுக்குப் பதில் 60 எண் மெல்லிய நூல், ஊசியும் 75/11-க்குப் பதில் 65/9. தமிழ் எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே போனால் நான் ஆர்டரே எடுப்பதில்லை, இது என் கணக்கு. முதலில் பழைய துணியில் ஒன்று போட்டு, மெஷினைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நமக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரியும், அதனால் இல்லாத புள்ளியும் நம் கண்ணுக்குத் தெரியும்.

அந்த எட்டுச் சட்டை என்னாயிற்று என்று கேட்பீர்கள். பதினாறு புள்ளி. நானும் என் நாத்தனாரும் உட்கார்ந்து ஊசியில் நூலைச் சுற்றி முடிச்சு முடிச்சாகக் கையாலேயே வைத்தோம். என் மாமனார் மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர். கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியது பிற்பாடு, இவர் அதற்கு ரொம்ப முந்தி. சித்திரைத் திருவிழா வந்தால் அழகருக்கு வேண்டிக்கொண்டவர்களுக்கு ராப்பகலாக உடுப்புத் தைத்தவர். எங்களைப் பார்த்துவிட்டு, "மெஷின் எதற்கு வாங்கினீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

தலைகீழாகப் போட்டது, கரண்ட் போய் வந்த பிறகு டிசைன் நகர்ந்து பூ ஒரு பக்கம் காம்பு ஒரு பக்கம் ஆனது, இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பது. துணியில் மேல்பக்கம் எது என்று சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாதபோது ஹூப்பைத் தொடாதீர்கள், மோட்டாருக்குப் பிடிப்பு இருக்காது, விரல் பட்டாலும் நகரும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லாரும் இதில் பாபினை, அதாவது அடிநூல் சுற்றிய உருளையைத் திட்டுகிறார்கள். துணிக்கு அடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சுற்றிக்கொண்டால், குற்றம் பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள் நூல் உட்காரவில்லை என்று அர்த்தம். வீட்டு மெஷின் என்றால் பாதத்தைத் தூக்கிவைத்துத்தான் நூல் கோக்க வேண்டும், அப்போதுதான் தட்டு திறந்திருக்கும். நான் இது தெரியாமல் ஒரு வாரம் பாபின் கேஸைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

சரி, உங்கள் ரவிக்கைக்கு வருகிறேன். இரண்டு கையையும் பிடித்து இழுத்துவிடாதீர்கள், துணி கிழிந்துவிடும். திருப்பிப் போட்டு, தையல் பிரிக்கிற ரிப்பரால் பின்பக்கத்து பாபின் நூலை மட்டும் நாலைந்து தையலுக்கு ஒரு தரம் வெட்டிக்கொண்டே வாருங்கள். அப்புறம் முன்பக்கம் மேல்நூலைச் சின்ன இடுக்கியால் எடுத்தால் வந்துவிடும். சாட்டின் தையல், அதாவது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நெருக்கிப் போடுகிற தையல், சீக்கிரம் பிரியும், அடர்த்தியாக நிரப்பியிருந்தால் ஒரு நாள் பிடிக்கும். காட்டன் என்றால் ஊசி ஓட்டைகள் தண்ணீர் பட்டு இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டு என்றால் தடம் நிற்கும். அப்படியானால் பிரிக்கவே வேண்டாம். மேலே வந்த டிசைன் நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு, அடியில் மாட்டிய கைத்துணியை டிசைனைச் சுற்றி ஒட்ட வெட்டிவிடுங்கள். நான் என் முந்தானையை அப்படித்தான் வெட்டினேன். மிச்சத் துணியில் வேறொரு கை போட முடிகிறதா என்று பாருங்கள்.

கஸ்டமரிடம் நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள், வாங்க வரும் அன்று தெரிந்தால்தான் சண்டை. துணி போதாவிட்டால் அதே துணியில் அரை மீட்டர் உங்கள் செலவில் வாங்கிக் கொடுங்கள். இனிமேல் கல்யாண ரவிக்கை என்றால் முதலிலேயே கொஞ்சம் கூடுதலாகத் துணி கேட்டு வாங்கிவையுங்கள்.

பட்டா காட்டனா என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு படத்தையும் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை ரிப்பரை எடுக்க வேண்டாம்.