பயனரின் பக்கத்தில் அமரப் பழகுதல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

மனித-கணினி ஊடாட்ட வடிவமைப்பை, அதாவது மக்கள் எளிதாகப் பயன்படுத்தும்படி திரைகளையும் செயலிகளையும் அமைக்கும் கலையைக் கற்பிக்கும் நம்மிடம் மென்பொருள் நிறுவனத்தார் சொல்லும் குறையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்: மாணவர்கள் திரைகளை அழகாக வரைகிறார்கள், ஆனால் ஒரு பொத்தான் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. இது நியாயமான குறை. திரைகளை வரைய உதவும் ஃபிக்மா மென்பொருளை மாணவர் தாமாகவே பழகிக்கொள்வார். பயனரின் பக்கத்தில் வாய்திறக்காமல் அமர்ந்து கவனிப்பதை நாம்தான் பழக்க வேண்டும்.

கணினித் துறையினரின் பன்னாட்டுச் சங்கமான ஏசிஎம் அமைப்பின் ஊடாட்டப் பிரிவு 1992-இல் வெளியிட்ட பாடத்திட்டப் பரிந்துரை, வடிவமைத்தல், மதிப்பிடுதல், செயல்படுத்தல் ஆகிய மூன்றையும் சேர்த்தே இத்துறைக்கு இலக்கணம் வகுத்தது. நம் வகுப்புகளிலோ மதிப்பிடுதல் பருவத்தின் கடைசி வாரத்துக்குத் தள்ளப்பட்டு, தேர்வு நெருங்கியதும் கைவிடப்படுகிறது.

என் மாணவர்கள் நால்வர் மின்கட்டணம் செலுத்தும் செயலி ஒன்றின் மாதிரியைத் தமிழில் செய்திருந்தார்கள். அதைக் கல்லூரி உணவகத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் கொடுத்தோம். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் 'சமர்ப்பிக்கவும்' அடங்காமல், 'சமர்ப்பி' என்பதோடு வெட்டுப்பட்டு நின்றது. விரலைத் திரைக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு, "இதத் தொட்டா காசு போயிடுமா தம்பி?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல முற்பட்ட மாணவரை நான் கையமர்த்தினேன். அந்த அம்மா கடைசிவரை தொடவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுவாரம் அதே பொத்தான் அகலமாகி, '640 ரூபாய் கட்டவும்' என்ற சொற்களோடு வந்தபோது, யாரையும் கேட்காமல் அழுத்தினார். அந்த நால்வரும் அதன்பின் எந்தப் பொத்தானுக்கும் காரணம் சொல்லத் தடுமாறியதில்லை.

பயனர்களுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை நினைவூட்டுகிறேன்: 15 பேர் கிடைத்தால் அனைவரையும் ஒரே சோதனையில் செலவழிக்காமல், ஐந்து ஐந்து பேராக மூன்று சுற்று நடத்தித் திருத்துங்கள் என்றார் அவர். ஐந்து போதுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. திருத்தி மீண்டும் சோதிக்கும் அந்த ஒழுங்கு நம் ஒரு பருவத்துக்குள் அடங்கக்கூடியதே.

கண்டதைப் பொறியாளருக்குப் புரியும்படி எழுதத் தெரிவதும் வேண்டும். 'எழுத்து மங்கலாக இருக்கிறது' என்று எழுதினால் யாரும் திருத்தமாட்டார்கள்; சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிறமாறுபாடு (இரண்டின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம்) வேண்டும் என்ற இணைய அணுகல் நெறியைக் காட்டி, இருக்கும் அளவையும் சேர்த்து எழுதினால் அன்றே வேலை நடக்கும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இத்துறையின் முதுநிலை மாணவர்கள் வெளி நிறுவனங்கள் தரும் உண்மையான சிக்கல்களைக் குழுவாக எடுத்துச் செய்கிறார்கள். நாமும் நிறுவனத்தாரிடம் சிறப்புரை கேட்பதை விட்டு, அவர்கள் தீர்க்க முடியாமல் வைத்திருக்கும் ஒரு திரையைக் கேட்டு வாங்குவோம். அதைக் கட்டிய பொறியாளரும் முதல் சோதனையின்போது மாணவருக்கு அருகில் அமரட்டும். மதிப்பெண்ணில் பாதியை, முதல் வடிவத்துக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் இடையே மாறியது எது, யாரைக் கவனித்ததால் மாறியது என்பதற்கு ஒதுக்குமாறு பாடத்திட்டக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.