டிகாக்‌ஷனும் இரும்புச்சத்தும்

(கும்பகோணம் அருகே மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

அன்புத் தாய்மார்களே, சகோதரிகளே,

காபியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொல்வது நியாயமும் இல்லை. பல நாடுகளில் லட்சக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகளில், அளவோடு காபி குடிப்பவர்களிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் கல்லீரல் நோய்களும் குறைவாகவே காணப்பட்டிருக்கின்றன. காபிதான் நோயைத் தடுத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது விஷமல்ல என்று துணிந்து சொல்லலாம்.

என் கவலையெல்லாம் நாம் அதைக் குடிக்கும் நேரத்தைப் பற்றித்தான். கடைசி இட்லியை விண்டு வாயில் போடும்போதே டபரா டம்ளர் பக்கத்தில் வந்துவிட வேண்டும் நமக்கு. நடவுக்குப் போகிறவர்கள் பழையதைச் சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளரைக் குடித்துவிட்டு வயலில் இறங்குகிறார்கள். காபியில் பாலிபீனால் என்ற பொருட்கள் இருக்கின்றன. கீரை, பயறு, கேழ்வரகு போன்றவற்றிலுள்ள இரும்புச்சத்தை அவை குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் சேர வேண்டியது வீணாக வெளியே போய்விடுகிறது. டீ இந்த வேலையை இன்னும் கடுமையாகச் செய்யும். டீ குடிப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. சோறுடைத்து என்று பெயரெடுத்த சோழ நாட்டுப் பெண்களும் இதில் அடக்கம். தீட்டிய வெள்ளை அரிசியில் இரும்புச்சத்து சொற்பம்தான். மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடப்பதால் ஏறும் கொக்கிப்புழு என்று காரணங்கள் பல உண்டு. அவற்றோடு, தட்டில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் நாமே காபியை ஊற்றிக் கழுவிவிடலாமா?

என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. ஆறு மாதக் கர்ப்பிணி வருகிறாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. “இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன் டாக்டரம்மா” என்கிறாள். எதோடு போடுகிறாய் அம்மா என்று கேட்டால், “காபியோடுதான், தண்ணீரில் போட்டால் குமட்டுகிறது.” அரசு இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையின் பலனில் பெரும் பகுதி அங்கேயே போய்விட்டது. எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும். குமட்டலும் கொஞ்சம் அடங்கும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்களும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும்.

ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்கிறது. காபி, டீயில் சுறுசுறுப்பு தரும் பொருளான கஃபீன் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. 150 மில்லி வடிகட்டிய காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கும். சிக்கரியில் கஃபீன் கிடையாது. பாலும் சேர்வதால் நம் டம்ளரில் சற்றுக் குறையலாம். இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலோருக்குப் பயமில்லை. கர்ப்பிணிகள் இன்னும் குறைக்க வேண்டும். கஃபீன் அவர்கள் உடம்பை விட்டு இறங்க அதிக நேரம் பிடிக்கும், நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேரும்.

கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதில் பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, காபியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தரக்கூடும் என்று எச்சரித்தது. நம் வீட்டு டபரா எதற்கு இருக்கிறது? நுரை பொங்க நாலு ஆற்று ஆற்றிவிட்டுக் குடியுங்கள்.

கூட்டம் முடிந்ததும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் வந்திருக்கிறார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால், கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே இருந்தால், உங்கள் பெயரை அவரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.