ஒத்தை முயலுக்குத் துணை சேர்க்கிறது எப்படி? கூண்டுல விட்டதும் ஏன் சண்டை?

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்வியில ஒண்ணு மனசைக் கொஞ்சம் குடைஞ்சிடுச்சு. ஒரு சகோதரி எழுதியிருக்காங்க: "எங்க வீட்டுல ஒன்றரை வயசு ஆண் முயல் ஒத்தையா இருந்தது. முயல் கூட்டமா வாழுற பிராணின்னு நீங்கதானே சொன்னீங்க, அதனால ஒரு பெட்டை வாங்கிட்டு வந்து அவன் கூண்டுலயே விட்டேன். அஞ்சு நிமிஷத்துல முடி பறந்தது. பெட்டைக்கு மூக்குல காயம். இப்ப தனித்தனியா வச்சிருக்கேன். அடுத்து என்ன செய்ய?"

நான்தான் சொன்னேன், இல்லைங்கல. ஆனா கூட்டமா வாழும்னா, புதுசா வர்ற யாரையும் உடனே சேர்த்துக்கும்னு அர்த்தம் இல்லைங்க. நம்ம பழைய பேச்சைக் கேட்டவங்களுக்கு இது அலுத்துப்போன விஷயம், இருந்தாலும் மறுபடி சொல்றேன்: இடம் யாரோடதுன்னு முயல் மூக்காலதான் முடிவு பண்ணும். தாடைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு. கூண்டு மூலை, தண்ணிக் கிண்ணம், உங்க செருப்பு, எல்லாத்துலயும் தாடையைத் தேய்ச்சு "இது என்னுது"ன்னு எழுதி வச்சிருக்கும். அவன் கையெழுத்து போட்ட கூண்டுக்குள்ள அந்தப் பெட்டையை இறக்கினா, அவன் கண்ணுக்கு அது துணை இல்லை, சுவரேறிக் குதிச்ச ஆள்.

சரி, முதல்ல அவசரமானது. மூக்குல மட்டும் காயம்னு நினைக்காதீங்க. முடியை விலக்கி முதுகு, தொடை, வயித்துக்கு அடி, காது எல்லாம் பாருங்க. முயல் தோல் ரொம்ப மெல்லிசு. பல் பட்ட சின்ன ஓட்டை மேல மூடிக்கும், உள்ளே சீழ் கட்டும். அந்தச் சீழ் தண்ணியா வடியாது, பற்பசை மாதிரி கெட்டியா நிக்கும். அதனால டாக்டர்கிட்ட காட்டிடுங்க. காட்டும்போதே அது உண்மையிலேயே பெட்டைதானான்னும் பார்க்கச் சொல்லுங்க. குட்டியில ஆண் பெண் மாத்திச் சொல்றது சர்வசாதாரணம்.

இன்னொண்ணு, அந்த அஞ்சு நிமிஷத்துல அவன் மேல ஏறினானா? முயலுக்கு இணை சேர்ந்த பிறகுதான் முட்டை வெளிவரும், அதுக்குச் சில வினாடி போதும். அதனால அந்தத் தேதியைக் குறிச்சு வைங்க. சினைப் பிடிச்சிருந்தா சுமார் 31 நாள்ல குட்டி. இதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

அடுத்து கருத்தடை ஆபரேஷன். ரெண்டுக்கும். ஒண்ணுக்குப் பண்ணா போதுமான்னு கேட்பீங்க. குட்டி வராம இருக்க ஒண்ணு போதும். சண்டை வராம இருக்க ரெண்டும் வேணும். பெட்டைக்கு வயசானா கர்ப்பப்பையில புற்று வர்ற வாய்ப்பும் அதிகம், அதுக்காகவே செய்யலாம். ஆணுக்கு ஆபரேஷன் முடிஞ்சும் ஆறு வாரம் வரைக்கும் சினைப்படுத்துற சக்தி மிச்சம் இருக்கலாம். முறுக்கு அடங்கவும் அந்த அளவு நாள் ஆகும்.

அந்த ஆறு வாரம் சும்மா போகக் கூடாது. புதுசா வந்த முயலை முதல் ரெண்டு வாரம் வேற ரூம்ல வைங்க, பேன், சொறி, கழிச்சல் இருந்தா தெரிஞ்சிடும். அப்புறம் ரெண்டு கூண்டையும் பக்கத்துல பக்கத்துல, ஆனா ஒட்டாம. நடுவுல பத்து சென்டிமீட்டராவது விடுங்க, இல்லைன்னா கம்பி வழியா மூக்கையும் விரலையும் கடிச்சுக்கும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கழிவுத் தட்டை மாத்தி வைங்க, அவன் தட்டு இவளுக்கு, இவ தட்டு அவனுக்கு. ஆரம்பத்துல புழுக்கையைக் கூண்டு முழுக்க இறைப்பாங்க, காலைத் தட்டுவாங்க. விடுங்க, கையெழுத்துப் போட்டி அது. ரெண்டும் கம்பி ஓரமா காலை நீட்டிப் படுக்க ஆரம்பிச்சா, நேர்ல விடலாம்.

எங்கே விடுறது? மூக்கால முடிவு பண்ணும்னு சொன்னேன்ல? ரெண்டும் இதுவரைக்கும் கால் வைக்காத இடம். மாடி ரூம், குளியலறை, எதுவா இருந்தாலும் சரி. தரை வழுக்கினா பழக்கமில்லாத ஒரு விரிப்பைப் போடுங்க, கால் வழுக்குற முயல் பயத்துல கடிக்கும். நடுவுல காய்ஞ்ச புல்லைப் பெரிய குவியலா வைங்க, ரெண்டு பக்கமும் வழி வெட்டின அட்டைப்பெட்டி வைங்க. ஒரே வழி இருந்தா உள்ளே மாட்டிக்கிட்டது அடி வாங்கும். முதல் நாள் பத்து, பதினஞ்சு நிமிஷம். நல்லா இருக்கும்போதே முடிச்சிடுங்க.

உண்மையில நீங்க என்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற: எதைப் பார்த்துப் பிரிக்கணும், எதைப் பார்த்துச் சும்மா இருக்கணும்? நிறைய பேர் கெடுத்துக்கிறது இங்கதான். ஆபரேஷன் ஆன முயலும் ஏறத்தான் செய்யும், அது யார் பெரியவர்ங்கிற பேச்சுவார்த்தை. பின்பக்கமா ஏறினா இருபது முப்பது வினாடி விடலாம். தலைப்பக்கமா ஏறினா உடனே இறக்குங்க, கீழ இருக்கிறது மேல இருக்கிறதோட பிறப்புறுப்பைக் கடிச்சிடும். கொஞ்சம் துரத்தல், ஒரு வாய் முடி, பரவாயில்லை. காதைப் பின்னால ஒட்ட மடக்கி, வாலைத் தூக்கி, ரெண்டும் வட்டமா சுத்த ஆரம்பிச்சா ஒரு வினாடி கூட யோசிக்காதீங்க. நடுவுல துடைப்பத்தை விடுங்க, இல்லைன்னா கெட்டித் துண்டைப் போடுங்க. வெறுங்கையை விட்டா கடி உங்களுக்கு.

நல்ல அடையாளம் பெருசா எதுவும் இருக்காது. ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துட்டு முகத்தைக் கழுவிக்கும், புல் தின்னும். "என்னங்க, கண்டுக்கவே மாட்டேங்குதே"ன்னு வருத்தப்படுறாங்க. அட, அதுதான் வேணும்! அப்புறம் ஒரு நாள் ஒண்ணு இன்னொண்ணு கிட்ட வந்து, மோவாய் தரையில படுற மாதிரி தலையைத் தாழ்த்திக்கிட்டு அசையாம நிக்கும். நக்கிவிடுன்னு கேட்குது. மத்தது நெத்தியில ஒரு தடவை நக்கிட்டா, பாதிக் கிணறு தாண்டியாச்சு.

கார்ல வச்சு ஒரு சுத்து சுத்தினா ஒட்டிக்கும்னு ஒரு யோசனை உலவுது. ஒட்டிக்கும், பயத்துல. வண்டி நின்னதும் பழைய கதைதான். எனக்கு அதுல உடன்பாடு இல்லை.

நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்க. ரெண்டு நாள், ராத்திரியும் சேர்த்து, துரத்தல் இல்லாம அந்தப் புது இடத்துலயே இருந்தாங்கன்னாதான் வீட்டுக் கூண்டு. அதையும் வினிகர் கலந்த தண்ணியால கழுவி, சாமான் இடத்தையெல்லாம் மாத்தி வச்சு, பழைய கையெழுத்தை அழிச்சிட்டு விடுங்க. தட்டு, கிண்ணம் எல்லாம் ரெண்டு ரெண்டு. சில ஜோடிக்கு ரெண்டு வாரம், சில ஜோடிக்கு மூணு மாசம். ஒரு தடவை ரத்தம் பார்த்த ஜோடி நீளும், அதனால உங்களுக்கு நாள் ஆகும்னுதான் எனக்குத் தோணுது. சேரவே இல்லைன்னா பக்கத்துப் பக்கத்துக் கூண்டுலயே வாழட்டும், அதுவும் துணைதான்.

சேர்ந்த பிறகு ஒண்ணுக்கு உடம்பு சரியில்லைன்னா ரெண்டையும் ஒரே பெட்டியில டாக்டர்கிட்ட கொண்டு போங்க. ஒண்ணை மட்டும் கொண்டு போனா, அது மருந்து வாசனையோட திரும்பி வரும், வீட்டுல இருக்கிறது மோந்து பார்த்துட்டு யாரோன்னு நினைச்சுக் கடிக்கும்.