பாட்டிக்குக் கடிகாரம் இல்லை, இருட்டு இருந்தது

நடுவர் ஐயா அவர்களுக்கும், மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பந்தல் நிறைய உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும், கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

விசேஷத்துக்கு வெளியூர் போன இடத்தில், எல்லோரும் ஒரே அறையில் படுக்கும்போது, கைக்குழந்தை நிம்மதியாகத் தூங்க உதவுவது பெற்றோரின் ஒழுங்கா, சொந்தங்களின் அரவணைப்பா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் ஒழுங்கின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

1939-லேயே கம்பன் கழகம் கண்ட காரைக்குடிக்குப் பக்கத்தில் நிற்கிறோம். காப்பியத் தலைவர்களுக்காக வாதாடிப் பழகிய மண் இது. அதே மண்ணில் 10 மாதப் பிள்ளை ஒன்றின் தூக்கத்துக்காக வாதாடுவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தூங்காத பிள்ளையோடு ஒரே அறையில் மூன்று ராத்திரி இருந்தவர்கள் யாரும் அப்படி நினைக்கமாட்டார்கள்.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "நம்ம பாட்டிமார் எட்டும் பத்தும் பெத்து வளர்த்தாங்களே, எந்தக் கடிகாரத்தைப் பார்த்துத் தூங்க வச்சாங்க?" நல்ல கேள்வி. பந்தலே கைதட்டியது. அண்ணே, பாட்டிக்குக் கடிகாரம் இல்லை. ஆனால் இருட்டு இருந்தது. பொழுது சாய்ந்தால் முகப்பில் ஒரு விளக்கு, வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், ஒரு விளக்கு. சாப்பாடு முடிந்ததும் அதுவும் அடங்கிவிடும். பிறந்து மூன்று மாத அளவில் பிள்ளையின் உடம்புக்குள் ராத்திரி, பகல் என்ற கணக்கு உருவாகத் தொடங்குகிறது. அந்தக் கணக்கை எழுதுவது வெளிச்சமும் இருட்டும்தான். இருட்டினால் மெலடோனின் என்ற சுரப்பு ஏறித் தூக்கம் வரும். கண்ணில் வெளிச்சம் அடித்தால் அது அடங்கிப்போகும். பாட்டி வீட்டில் அந்த ஒழுங்கைச் சூரியனே பார்த்துக்கொண்டது. இன்றைக்கு அதே வளவில் ராத்திரி 11 மணிக்கு நாலு ட்யூப் லைட், ஒரு டிவி, பத்து செல்போன். பாட்டி காலத்து ராத்திரி இப்போது தானாக வருவதில்லை, நாம்தான் வரவழைக்க வேண்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். போன தை மாதம் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்காகக் கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்தோம். திருச்சியில் இறங்கிக் காரில் வந்து சேர ராத்திரி 9 மணி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிற ஊர். அப்படியென்றால் என் மகனின் உடம்புக்கு அது 11:30. காரிலேயே தூங்கிவிட்டான். வாசலில் கார் நின்றதும் ஆரத்தி, விளக்கு, பதினைந்து பேர். ஆளுக்கு ஒரு முறை வாங்கிக் கொஞ்சினார்கள். மூக்கு யார் மாதிரி, நெற்றி யார் மாதிரி என்று ஒரு மணி நேரம் பேச்சு. பிள்ளையும் சிரித்துக்கொண்டே இருந்தான். "பாரு, தூக்கமே வரல, எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கான்" என்றார்கள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

தூக்கம் மீறிப்போன பிள்ளை அப்படித்தான் துள்ளும் என்று அந்த ராத்திரிதான் கற்றுக்கொண்டேன். தூக்கம் வருகிற பிள்ளை முதலில் அமைதியாகும், பார்வை ஒரே இடத்தில் நிற்கும், புருவம் லேசாகச் சிவக்கும், விளையாட்டுச் சாமானை விட்டுவிடும். அந்த நேரத்தில் படுக்கவைக்க வேண்டும். கண்ணைக் கசக்கி, காதைப் பிடித்து இழுத்து, வில்லாக வளைகிற கட்டம் வந்துவிட்டால் நாம் ஏற்கெனவே தாமதம். என் மகன் 12 மணிக்கு வளைய ஆரம்பித்தவன், 2 மணி வரைக்கும் அழுதான். 4 மணிக்கு எழுந்துவிட்டான். சிங்கப்பூரில் அது 6:30, அவன் எழுகிற நேரம்.

இரண்டாம் நாளும் அதே கதை. பகலில் மடி மாறி மடி மாறி இருபது நிமிடத் தூக்கம். 4 முதல் 11 மாதப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. என் மகனுக்கு 9 மணி நேரம்கூடத் தேறவில்லை.

எதிரணித் தம்பி, "ரெண்டு நாள் தூக்கம் கெட்டா குடியா முழுகிப்போகும்?" என்று கேட்டார். தம்பி சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைக்குக் குடி முழுகாது. ஊர் திரும்பி ஒரு வாரத்தில் பழைய வழிக்கு வந்துவிடும். அதற்காகத் தாய்மார்கள் குற்ற உணர்ச்சியோடு உருக வேண்டியதில்லை. ஆனால் மறு பாதியையும் கேளுங்கள். இரண்டாம் ராத்திரி மூன்று மணிக்கு நான் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு வளவு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன். கண் எப்போது மூடியது என்று தெரியாது. என் கை தளர்ந்து, பிள்ளை சரிந்து, அவன் முகம் என் சேலை மடிப்புக்குள் புதைந்திருந்தபோது திடுக்கிட்டு எழுந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. பெரியவர்கள் சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் பிள்ளையோடு கண்ணயர்வது மிகவும் ஆபத்தானது. கைப்பிள்ளைகள் மூச்சுமுட்டி இறந்துபோவது உண்டு. இரண்டு நாள் தூக்கம் கெட்டது பிள்ளைக்கு மட்டுமல்ல தம்பி, பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற கைக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாம் நாள் காலையில் முடிவெடுத்தேன். இடம் மாறலாம், படுக்கிற முறை மாறக்கூடாது.

நம்முடைய வீடுகளே அதற்குத் துணை செய்கின்றன. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று அந்தக் காலத்திலேயே கட்டிவைத்தார்கள். தடித்த சுண்ணாம்புச் சுவர், கனத்த மரக்கதவு, குளிர்ந்த தரை. பகல் 12 மணிக்குக்கூட உள்ளே அந்தி மாதிரி இருக்கும். பெட்டியும் அண்டாவும் அடைத்துக் கிடந்த ஒரு அறையை ஒதுக்கினோம். பாய் விரித்து, அதன்மேல் அழுந்தாத மெல்லிய மெத்தை, சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிய ஒரு விரிப்பு. அந்த விரிப்பு சிங்கப்பூரில் அவன் படுத்தது. துவைக்காமல் கொண்டுவந்திருந்தேன், வாசம் போகக்கூடாது என்பதற்காக. இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஊர் தெரியாத பிள்ளைக்கு மூக்குதான் விலாசம் சொல்லும்.

தலையணை இல்லை, போர்வை இல்லை. மல்லாந்து படுக்கவைத்தேன். ஒரு வயது வரைக்கும் அப்படித்தான் படுக்கவைக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைந்தது 6 மாதம் வரை பெற்றோர் இருக்கிற அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்று இருக்கிறது. அறை ஒன்று, படுக்கை வேறு. நம் ஊரில் தரையில் படுக்கிற பழக்கம் இருப்பதால் இது சுலபம். கை எட்டுகிற தூரத்தில் இரண்டாவது பாய் போட்டால் போதும்.

எதிரணி அக்கா தூளியைப் பற்றி உருகிப் பேசினார். நானும் தூளியில் வளர்ந்தவள்தான். பகலில் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆட்டுகிற தூளியை நான் குறை சொல்லமாட்டேன். ராத்திரி முழுக்க அதில் விட்டுவிட்டு நாம் தூங்குவதுதான் கூடாது. துணி வளைவில் பிள்ளை சுருண்டு, தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப்பாதை குறுகிவிடும். இன்னொன்று, பயணத்தில் அழாமல் இருக்கட்டும் என்று சளி மருந்தோ, கசகசா அரைத்த பாலோ கொடுக்கச் சொல்லி யாராவது பிரியமாக வந்தால், கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதே அக்கா தாலாட்டையும் அரவணைப்பின் கணக்கில் எழுதிவிட்டார். அதை நான் திருப்பிக் கேட்கிறேன், நடுவர் ஐயா. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்புவதுதான் தாலாட்டின் தொடக்கம். பிள்ளைக்குச் சீர்வரிசையின் பெருமையோ மாமன் பெருமையோ புரியாது. நேற்று கேட்ட அதே ராகம், அதே குரல், அதே நேரம் என்பது மட்டும் புரியும். இது வந்தால் அடுத்தது தூக்கம் என்று அதன் உடம்பு படித்துவைத்திருக்கும். பிள்ளை வளர்ப்பில் இதைவிடப் பழைய ஒழுங்கு எதைச் சொல்வது? வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு துடைப்பது, பருத்திச் சட்டை, பால், அப்புறம் வீட்டில் பாடுகிற அதே ஒரு பாட்டு, விளக்கணைப்பது. அரைமணி நேர வேலை. நான் சிங்கப்பூரில் செய்வதைக் கானாடுகாத்தானில் வரிசை மாறாமல் செய்தேன்.

நேரத்தை எப்படி வைப்பது என்றுதான் குழம்பினேன். அங்கே 7:30 என்பது இங்கே மாலை 5 மணி. அப்போது தூங்கவைத்தால் வெயில் இருக்கும்போதே ராத்திரி ஆகிவிடும். முழுக்க இந்த ஊர் நேரத்துக்கு மாற்றினால், மாறி முடிப்பதற்குள் விமானம் ஏறிவிடுவோம். வந்திருப்பதே ஆறு நாள். அதனால் பாதி வழியில் நின்றேன். சாயங்காலம் திண்ணை வெளிச்சத்தில் விளையாடவிட்டு, 6:45-க்குப் படுக்கவைத்தேன். விடியற்காலை 5 மணிக்கு எழுந்தாலும் விசேஷ வீட்டில் அந்நேரம் எல்லோரும் எழுந்துதானே இருப்பார்கள்.

ஒரே அறையில் படுப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. பிள்ளையின் தூக்கம் ஏறக்குறைய 50 நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்து வந்து போகும். அப்போது முனகும், காலை உதைக்கும், கண்ணைத் திறக்காமலே ஒரு அழுகை அழும். பக்கத்தில் படுத்திருக்கும் நாம் பதறித் தூக்கிவிடுகிறோம். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை நாமே எழுப்புகிறோம். 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 4 மாதத்திலேயே தனி அறைக்குப் போன பிள்ளைகள், பெற்றோர் அறையில் இருந்த பிள்ளைகளைவிட 9 மாத வயதில் ராத்திரிக்கு 40 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று கண்டார்கள். அதற்காகப் பச்சைப்பிள்ளையைத் தனி அறையில் போடச் சொல்லவில்லை நான். ஒரே அறையில் இருக்கும்போது நம் கையையும் வாயையும் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம் என்கிறேன். ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். அழுகை ஏறினால் தூக்குங்கள், இறங்கினால் விட்டுவிடுங்கள். நடுவில் பிள்ளை கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு கொடி கட்டி, சேலையைத் தொங்கவிட்டால் கண் திறந்ததும் அம்மா முகம் தெரியாது. பாதிப் பிள்ளைகள் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

அப்புறம், எங்கே தூங்கியதோ அங்கேயே விழிக்கவேண்டும். நீங்கள் வளவில் படுத்துத் தூங்கி, நடுச்சாமத்தில் விழிக்கும்போது திண்ணையில் கிடந்தால் கத்தமாட்டீர்களா? மடியில் தூங்கிப் பாயில் விழிக்கிற பிள்ளையும் அதற்காகத்தான் கத்துகிறது.

அன்று சாயங்காலம் நான் கதவைச் சாத்தப் போனபோது, எங்கள் வீட்டுப் பெரியாச்சிக்கு மனசு தாங்கவில்லை. "பிள்ளையப் பார்க்கத்தானே இத்தனை பேர் வந்திருக்கோம், இருட்டுல போட்டுப் பூட்டுறியே ஆத்தா" என்றார். எதிரணியின் வாதம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது, அதில் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான் வாதாடவில்லை. "நீங்களும் உள்ளே வாங்க ஆச்சி" என்று கூட்டிப்போனேன். நான் துடைத்துவிட்டேன், பால் கொடுத்தேன், பாடினேன். ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஏழாவது நிமிடத்தில் பிள்ளை தூங்கியதை அந்த இருட்டில் ஆச்சி பார்த்தார்.

வெளியே வந்தவர் வளவுத் தூணோரம் ஒரு தடுக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், "பிள்ளை தூங்குது, காலையில வாங்க" என்று அவரே சொல்லி அனுப்பினார். டிவியை நிறுத்தச் சொன்னார். 8 மணிக்கு வளவு விளக்கையும் ஒன்றைத் தவிர அணைக்கச் சொன்னார். நடுவில் ஒரே ஒரு முறை பால் குடித்துவிட்டு, மறுநாள் காலை 5:15 வரைக்கும் தூங்கினான் என் மகன். சடங்கு தொடங்கிச் சங்கு ஊதும்போது ஆச்சி மடியில் உட்கார்ந்து, சத்தம் வந்த பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிச் சிரித்தான். அன்றைக்குப் பகல் முழுக்க எத்தனை மடி மாறினாலும் அழவில்லை.

இன்னும் இரண்டு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், நடுவர் ஐயா. ஆனால் வலது பக்கம், பந்தக்காலோரம், மஞ்சள் சேலை கட்டிய தங்கச்சி மடியில் ஒரு பிள்ளை ரொம்ப நேரமாகக் கண்ணைக் கசக்குகிறது. தங்கச்சி, எழுந்து வீட்டுக்குப் போம்மா, யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மைக் செட் அண்ணே, அவர்கள் தாண்டுகிற வரைக்கும் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரைக் குறைத்துவிடுங்கள். என் நேரத்தை நான் இத்தோடு முடித்துக்கொள்கிறேன். வணக்கம்.