பதினோரு மீட்டர் குறைந்த மைதானம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

ஓட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்துத் தம்பி போனில் கேட்டபோது, "காம்ரேட்ஸ் பற்றித்தானே?" என்றேன். "வேறு எது அங்கிள்?" என்றார். அவர் மேல் தப்பில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன்காரனிடம் ஓட்டம் என்று சொன்னால் அவன் நினைப்பு நேராகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சாலைக்குத்தான் போகும். 1921இல் தொடங்கிய பந்தயம், ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நானும் வருஷா வருஷம் சாலையோரம் நின்று தண்ணீர்ப் பாக்கெட் நீட்டுகிறவன்தான். ஆனால் என் மனசு அதில் இல்லை, 800 மீட்டரில் இருக்கிறது. மைதானத்தை இரண்டு முறை சுற்றினால் முடிந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் பந்தயமே முடிந்துவிடும்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நூறு மீட்டர் ஓடுகிறவன் மூச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். காம்ரேட்ஸ் ஓடுகிறவன் பேசிக்கொண்டே ஓடலாம், நடுவில் நின்று உருளைக்கிழங்கும் தின்னலாம். 800காரனுக்கு இந்த இரண்டு சலுகையும் கிடையாது. முதல் சுற்றில் எல்லாரும் ராஜாதான். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். அதற்கு அப்புறம் வருகிற இருநூறு மீட்டர் இருக்கிறதே, அங்கேதான் விஷயம். இழுக்கிற மூச்சு போதாமல் தொடையில் எரிச்சல் ஏறும். முடிவுக்கோடு இன்னும் தூரத்தில் கிடக்கும். தனியாக ஓடுகிறவன் அந்த இடத்தில் தன்னை அறியாமலே தளர்ந்துவிடுவான். பக்கத்தில் இன்னொருவன் மூச்சு கேட்டால் தளர மாட்டான். இன்றைக்கு இதை இரண்டு மூன்று தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: 800 ஓடப் பக்கத்தில் ஆள் வேண்டும். அவன் உங்களைவிடக் கெட்டிக்காரனாகவும் இருக்க வேண்டும்.

அவனுக்கு வெளிப்பக்கமாக ஓடினால் நஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன். படம் போட்டுக் காட்டினால் சுலபம், வானொலியில் படம் எங்கே? தேர் இழுத்தவர்களுக்குப் புரியும். தெருமுனையில் தேர் திரும்பும்போது உள்பக்கம் வடம் பிடித்தவர் நடப்பார், வெளிப்பக்கம் பிடித்தவர் ஓடுவார். அதே கதைதான். ஒரு தடம் தள்ளி ஓடினால் ஒவ்வொரு வளைவிலும் ஏறத்தாழ 4 மீட்டர் கூடுதல்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1974ஆம் வருஷம், எனக்குப் பதினேழு வயசு. எங்கள் குடும்பத்தை மேகசின் பேரக்ஸ் குடியிருப்பிலிருந்து இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்து போட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது. நிறவெறி ஆட்சி, இந்தியப் பள்ளிகள் தங்களுக்குள்ளேயே போட்டி போட்ட காலம். மேட்டுக்கு அந்தப் பக்கம் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய உம்லாசி. அங்கே எத்தனை பையன்கள் என்னைவிட வேகமாக ஓடினார்களோ! ஒருநாள்கூட அவர்களோடு ஒரே கோட்டில் நின்றதில்லை.

புல் மைதானம், சுண்ணாம்புக் கோடு, வெறுங்கால். பள்ளிப் போட்டியில் 800 ஓடினேன். எனக்குப் பின்னால் வந்தவன் முப்பது கஜம் தள்ளி வந்தான். வாத்தியார் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார், தட்டினார், மறுபடி பார்த்தார். 1 நிமிடம் 58.4 வினாடி! பள்ளிக்கூடப் பையன் இரண்டு நிமிடத்துக்குள் ஓடுவது என்றால் இன்றைக்கும் சும்மா இல்லை. ஆயா உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று தடவை சுற்றிப் போட்டாள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் எனக்கு இடம் கொடுத்தார். ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கார்ப்பரேஷனில் ரோடு போடுகிற கூட்டத்தில் வேலை பார்த்தவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, "வா" என்றார். பனி காயாத புல்லில் நான் ஒரு முனையைப் பிடித்தேன், அவர் மறுமுனையோடு நடந்தார். ஓடுதடத்தைக் கோட்டின் மேலேயே அளக்கக் கூடாது. விளிம்பில் கட்டை இல்லாமல் வெறும் கோடாக இருந்தால் 20 சென்டிமீட்டர் வெளியே தள்ளி அளக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரு சாண். எனக்கு அது தெரியும். அப்பாவிடம் இரண்டு சாண் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு சாணே வைத்தார்.

389 மீட்டர்.

இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். அளந்தார். 389. கோடு போட்டவர்கள் மழையில் நனைந்து சுருங்கிய கயிற்றை நடுவில் கட்டி வளைவு வரைந்திருக்கிறார்கள். கயிற்றில் ஒரு மீட்டர் குறைந்தால் சுற்றில் ஆறு மீட்டருக்கு மேல் போய்விடும். இரண்டு சுற்றில் நான் ஓடாமல் விட்டது 22 மீட்டர், மூன்று வினாடிக்கும் மேலே. அப்பா சங்கிலியைச் சுருட்டி, "வா, இட்லி ஆறிடும்" என்றார். அவ்வளவுதான், அதைப் பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை. நான் அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓடினேன். என் சிறந்த நேரம் 2 நிமிடம் 0.6 வினாடி. பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன். இல்லாமலும் போயிருக்கலாம், யார் கண்டது?

ஒரு வாரத்தில் சாதனையைப் பறிகொடுத்தவன் நான் ஒருவன் இல்லை. சிட்னி மாரீயைப் பாருங்கள். பிரிட்டோரியா பக்கம் கலினனில் பிறந்தவர். 1976இல் உலக தடகள சம்மேளனம் தென்னாப்பிரிக்காவை வெளியேற்றியது. நிறவெறி அரசுக்கு விழுந்த அடி, நியாயமான அடிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அரசால் மிதிபட்ட கறுப்பினப் பையன் மேலும் அது விழுந்தது. மாரீ அமெரிக்காவுக்குப் போய், வில்லனோவா பல்கலைக்கழகத்தில் ஓடினார். 1983 ஆகஸ்ட் 28, கொலோன் நகரம், 1500 மீட்டரை 3 நிமிடம் 31.24 வினாடியில் ஓடி உலக சாதனை. இங்கிலாந்தின் ஸ்டீவ் ஓவெட்டிடமிருந்து பிடுங்கியது. ஓவெட் விடுவாரா? செப்டம்பர் 4ஆம் தேதி ரியெத்தியில் 3 நிமிடம் 30.77 வினாடி ஓடித் திரும்ப வாங்கிக்கொண்டார். ஏழே நாள். ஆனாலும் மாரீயின் ஏழு நாள் முழு மைதானத்தில் ஓடி வாங்கியது, என்னுடையதைப் போல் இல்லை. மறு வருஷம் அமெரிக்கக் குடிமகனானார், ஆனால் காயத்தால் அந்த ஒலிம்பிக் போயிற்று. 1988இல் சோலில் 5000 மீட்டரில் ஐந்தாவதாக வந்தார். பக்கத்தில் ஓட ஆள் தேடி ஒருவன் தேசத்தையே விட வேண்டியிருந்தது, பார்த்தீர்களா?

ஹெசெகியேல் செபெங் பிறந்தது நான் அந்த மைதானத்தில் ஓடிய அதே 1974இல். போச்சஃப்ஸ்ட்ரூம்காரர். அவர் ஓடுகிற வயசுக்கு வந்தபோது கதவு திறந்துவிட்டது, 1992இல் நம் நாடு மறுபடி ஒலிம்பிக் போனது. 1996 அட்லாண்டா 800 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் முதலாவது நார்வேயின் ரோடால், 1 நிமிடம் 42.58. செபெங் 42.74, கென்யாவின் ஒன்யாஞ்சா 42.79, கியூபாவின் தேயெஸ் 42.85. நாலு பேரும் ஏறக்குறைய இரண்டு மீட்டருக்குள். செபெங்குக்கும் மூன்றாமவருக்கும் நடுவில் ஒரு முழம் பூகூட வைக்க முடியாது. பக்கத்தில் ஆள் என்று நான் சொன்னது இதைத்தான். தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. நான் டிவி முன்னால் எழுந்து நின்று கத்தியதில் பேரக்குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. இல்லை, பேரன் இல்லை, அப்போது என் கடைசி மகன்.

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமா? அதற்குள் என்னால் 800 மீட்டரே ஓட முடியவில்லை என்று இப்போதுதானே சொன்னேன்!

முபுலெய்னி முலாவ்ட்ஸியைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன். லிம்போபோ பக்கத்துக் கிராமத்துப் பையன். 2004 ஏதென்ஸில் நம் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், 800இல் வெள்ளி வாங்கினார். 2009இல் பெர்லினில் உலகச் சாம்பியன். அதே பெர்லினில் அதற்கு நாலு நாள் முன்னால் கேஸ்டர் செமென்யா, பதினெட்டு வயசு, பெண்கள் 800இல் தங்கம், 1 நிமிடம் 55.45. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் நடந்ததைச் சொல்ல இன்னொரு நாள் கூப்பிட வேண்டும், அரைகுறையாகச் சொல்ல மாட்டேன். முலாவ்ட்ஸி 2014 அக்டோபரில் கார் விபத்தில் போய்விட்டார். 34 வயசு.

விரல் ஒன்றாகிவிட்டது. சரி தம்பி, நிறுத்துகிறேன். அப்பாவின் சங்கிலி என் கராஜில் ஆணியில் தொங்குகிறது, துரு ஏறிவிட்டது. மைதானத்துக்குக் கோடு போடுகிற பள்ளிக்கூடத்தார் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் வந்து வாங்கிப் போகலாம். வணக்கம்.