ஒரே வீடு, ஒரே காய்ச்சல், மருந்து மட்டும் ஏன் வேற வேற?

அடுத்த கேள்வி தாராவியிலிருந்து, 90 அடி ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜில் அனுப்பியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். அவருக்கும் பையனுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். அவருக்கு மலேரியா, மூணு நாள் ஒரு மாத்திரை, கூடவே 14 நாளைக்கு இன்னொரு மாத்திரை. பையனுக்கு டெங்கு என்று சொல்லிவிட்டு வெறும் பாராசிட்டமாலும் நிறையத் தண்ணீரும்தான். "எனக்கு அஞ்சு நாளிலேயே சரியாப் போச்சு தம்பி, மீதி மாத்திரை ஒன்பது நாளைக்கு கிடக்கு, அதைப் பையனுக்குக் கொடுக்கலாமா? கிருமின்னா எல்லாம் கிருமிதானே, கடிச்சதும் ஒரே கொசுதானே?"

கொடுக்காதீங்க அக்கா என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். காரணம் எல்லாருக்கும் உதவும் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், கடித்தது ஒரே கொசு இல்லை. மலேரியாவைக் கொண்டுவருவது அனாபிலிஸ், அது பொழுது சாய்ந்த பிறகு கடிக்கும், நம்ம மும்பையில் மூடாத மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் பகலில் கடிக்கிற ஜாதி, அதற்குப் பூந்தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரே போதும். கொசு மலேரியாவைச் சுமக்கிறது என்பதை 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

சரி, கிருமிக்கு வருவோம். நான் லேபில் வேலை பார்ப்பவன், ஜூலை வந்தாலே காலையில் மேசை மேல் ரத்த ஸ்லைடு வரிசையாக அடுக்கியிருக்கும். சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், சிவப்பணுவுக்குள்ளே ஒரு குட்டி மோதிரம் தெரியும், நீல வளையம், அதில் கல் பதித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. அதுதான் மலேரியா ஒட்டுண்ணி. வைவாக்ஸ் வகை என்றால் அது உட்கார்ந்திருக்கும் அணு பக்கத்து அணுவைவிட உப்பிப் போயிருக்கும். உள்ளே இருந்துகொண்டு ஹீமோகுளோபினைத் தின்று, பெருகி, கடைசியில் அணுவை உடைத்துக்கொண்டு எல்லாம் சேர்ந்தாற்போல் வெளியே வரும். அந்த நேரத்தில்தான் பல் கிட்டுகிற அளவுக்கு குளிர் தூக்கிப் போடும். வைவாக்ஸில் இது 48 மணி நேரச் சுற்று, அதனால்தான் நம்ம ஊர்ப் பெரியவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குளிர்ஜுரம் என்பார்கள்.

டெங்கு வைரஸை அதே மைக்ரோஸ்கோப்பில் நாள் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது, அவ்வளவு சின்னது. தனியாக அதற்கு வாழ்க்கையே கிடையாது. நம்ம செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லையே தன்னைப் போலப் பிரதி எடுக்க வைக்கும். அதைக் கொல்லத் தனி மருந்து இன்றுவரை கையில் இல்லை, உடம்புதான் விரட்ட வேண்டும். அந்தச் சண்டையில் ரத்தக்குழாய்ச் சுவர் கசிய ஆரம்பிக்கலாம், அதுதான் ஆபத்து. வேடிக்கை என்னவென்றால் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வரும், வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று உட்காரும்போது. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஆஸ்பிரின், புரூஃபென் பக்கம் போகவே கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்காத ஆள் இல்லை. அதை நம்பித் தண்ணீரைக் கோட்டைவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை.

அப்புறம் ஆன்டிபயாடிக். அது பாக்டீரியாவுக்கு மட்டும்தான். பாக்டீரியா தனி உயிர், தனக்கென்று ஒரு சுவர் வைத்திருக்கும், பென்சிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கும். நம்ம செல்லுக்குச் சுவர் இல்லை, அதனால் நமக்கு அடி விழாது. வைரஸுக்கும் சுவர் இல்லை, அதனால் அதற்கும் விழாது! பாக்டீரியாவிலும் ஒவ்வொன்றும் ஒரு விதம். காலரா கிருமி குடலைத் தாண்டி உள்ளே போகவே போகாது, குடல் மேலேயே உட்கார்ந்து ஒரு விஷத்தைச் சுரக்கும், குடல் தண்ணீரைக் கொட்டித் தீர்த்துவிடும். இது விஷத்தின் வேலை என்று 1959-ல் காட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. எலிக்காய்ச்சல் கிருமி வேறு மாதிரி. எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் நீங்கள் நடக்கும்போது காலில் உள்ள சின்னச் சிராய்ப்பு வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும், முற்றினால் கிட்னி, ஈரல் வரை பாதிக்கும். 2005 ஜூலை 26 வெள்ளத்துக்குப் பிறகு இது இந்த ஊரில் எப்படிப் பரவியது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். சயானில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்திருந்தால் காலை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

படர்தாமரை பூஞ்சை, தோலின் மேல்தோலைத் தின்று வாழ்வது. காயாத உள்ளாடையில் மழைக்காலம் முழுக்க அதற்குக் கொண்டாட்டம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை மட்டும் அடக்கும், பூஞ்சை ஜோராக வளரும்.

இப்போது அந்த ஒன்பது நாள் மாத்திரை. அது பெரும்பாலும் பிரைமாக்வினாகத்தான் இருக்கும். வைவாக்ஸ் ரத்தத்தில் அடங்கிய பிறகும் ஈரலில் தூங்கிக் கிடக்கும், சில வாரமோ சில மாதமோ கழித்து எழுந்து வரும். அதை அழிக்கத்தான் 14 நாள். காய்ச்சல் விட்டது மூணு நாள் மாத்திரையால். பையனின் வைரஸை இந்த மாத்திரை தொடக்கூடத் தொடாது, ஆனால் ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக இருக்கும் பிள்ளை என்றால் சிவப்பணுக்களை உடைத்துவிடும், மூத்திரம் கறுத்துப் போகும்.

அதனால் அக்கா, மீதி மாத்திரையை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு கொடுத்த டாக்டரிடமே போங்கள். அஞ்சாம் நாள் நிறுத்திவிட்டேன் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள், விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா என்று அவர் சொல்வார். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.